நனைக்கிற டீச்சரும் காயவைக்கிற டீச்சரும்

ஒரு நீர்நாயும் ஓர் உடும்பும் ஒரே வகுப்புக்குச் சேர்ந்து பாடம் எடுத்தார்கள். நீர்நாயின் பெயர் அஞ்சலை. உடும்பின் பெயர் வடிவு. காட்டு ஏரியின் வண்டல் கரைதான் அவர்களுடைய வகுப்பறை.

அந்த ஏரிக்கரையில் விலங்குகளுக்கென்று ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. நீச்சலுக்கு ஒரு துறை, மரம் ஏறுவதற்கு ஒரு துறை, பதுங்குவதற்குக்கூட ஒரு துறை உண்டு. எல்லாவற்றுக்கும் கடைசியில், மருதமரத்தடியில், எழுத்துத் துறை இருந்தது.

அங்கே யாரும் ஓலையிலோ இலையிலோ எழுதுவதில்லை. ஈரச் சேற்றில்தான் எழுத்து. காலால் எழுதுவார்கள், நகத்தால் எழுதுவார்கள், சிலர் வாலாலும் எழுதுவார்கள். எழுதி முடித்ததும் வெயிலில் காய விடுவார்கள். காய்ந்தால் அது ஓடு போல இறுகிவிடும். அடுத்த மழைக்காலம் வரும்வரை தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் எல்லோரும் நின்று படித்துவிட்டுப் போவார்கள்.

புதிதாகச் சேர்ந்த குட்டிகளுக்கு முதல் வகுப்பு எடுக்க யாருக்கும் ஆசை கிடையாது. உடம்பெல்லாம் சேறாகும். ஒரு குட்டி அழும், ஒரு குட்டி தூங்கும், ஒன்று பக்கத்துக் குட்டியின் வாலைக் கடிக்கும். அதனால் பெரிய ஆசிரியர்கள் மேட்டுப் பாறையில் பெரிய வகுப்புகளை எடுத்துக்கொண்டார்கள். காவிய வகுப்பு மயிலாருக்கு. அவர்தான் துறையில் மூத்த பேராசிரியர். முதல் வகுப்பை மட்டும் தற்காலிக ஆசிரியைகளான அஞ்சலையிடமும் வடிவிடமும் விட்டுவிட்டார்கள்.

அவர்கள் இருவரும் அந்த வகுப்பை எப்படி எடுத்தார்கள் தெரியுமா?

காலையில் அஞ்சலை ஏரியிலிருந்து மேலே வருவாள். கரையில் நின்று உடம்பை ஒரு உதறு உதறுவாள். சேறெல்லாம் நனைந்து குழைந்துவிடும். குட்டிகள் மேலும் தண்ணீர் தெறிக்கும். ஒரே சிரிப்பு!

"எழுதுங்க கண்ணுகளா! மனசுல என்ன வருதோ எழுதுங்க. பிடிக்கலையா? அழிச்சிடலாம். சேறுதானே, அது என்ன சொல்லப் போகுது!" என்பாள்.

அழிக்கலாம் என்று தெரிந்ததும் குட்டிகளுக்குப் பயம் போய்விடும். விறுவிறுவென்று எழுதும்.

வெயில் ஏறிய பிறகு வடிவு வருவாள். பாறையில் படுத்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டு, மெல்ல மெல்ல ஒவ்வொரு குட்டியின் எழுத்தையும் பார்த்துக்கொண்டே நடப்பாள். ஏதோ ஓர் இடத்தில் நின்றுவிடுவாள்.

"இந்த வரி நல்லா இருக்குடா. இதைத் தொடாதே. கையை எடு. காயட்டும்."

அஞ்சலை விடமாட்டாள். "இன்னும் கொஞ்சம் நனைக்கட்டுமா வடிவு? இன்னும் நல்லா வரும் போல இருக்கே!"

"போதும்டி! நீ நனைக்கிற நனைப்புல குழந்தை எழுதினது ஏரிக்கே போயிடும்."

"நீ காயவைக்கிற அவசரத்துல குழந்தையே காஞ்சு போயிடும்."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். வகுப்பு முடிந்ததும் அஞ்சலையின் இரண்டு குட்டிகளும் வடிவின் முதுகில் ஏறிப் படுத்துத் தூங்கும். வெயிலில் கிடந்த முதுகு அல்லவா, கதகதப்பாக இருக்கும்.

கோடை வந்தால்தான் கஷ்டம். பல்கலைக்கழகத்தை மூடிவிடுவார்கள். ஏரியும் வற்றிவிடும். நிரந்தர ஆசிரியர்களுக்குக் கோடையிலும் கரையில் தங்க இடம் உண்டு. தற்காலிக ஆசிரியைகள் கிளம்பிவிட வேண்டும்.

அஞ்சலை தன் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு பாறைக்காட்டைக் கடந்து தூரத்து ஆற்றுக்குப் போவாள். போன கோடையில் சின்னக் குட்டியின் பாதம் வெந்து கொப்பளித்துவிட்டது. வாயில் கவ்விக்கொண்டு நடந்தாள். ஆற்றுத் தண்ணீரில் இறக்கும்வரை அது கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னொரு கோடையை அந்தக் குட்டி தாங்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

வடிவு புதர்க்காட்டுக்குப் போவாள். அங்கே மனிதர்கள் சுருக்கு வைத்திருப்பார்கள். ஒரு தடவை அவளுடைய பின்னங்கால் சுருக்கில் மாட்டிக்கொண்டது. எப்படியோ கடித்து அறுத்துக்கொண்டு வந்தாள். அந்தக் காலில் இன்னும் தழும்பு இருக்கிறது.

முதல் மழை விழுந்ததும் இருவரும் திரும்பி வந்து துறைத்தலைவர் நாரையார் முன்னால் நிற்பார்கள். "ஐயா, இந்த வருஷமும் எங்களுக்கு வகுப்பு கிடைக்குங்களா?" என்று கேட்பார்கள். நாரையார் நல்லவர். ஆனால் எதையும் சட்டென்று முடிவு செய்யமாட்டார். ஒற்றைக் காலில் நின்றபடி, "பார்ப்போம், பார்ப்போம்" என்பார்.

அந்த வருஷம் மழைக்காலம் பாதி போயிருந்தபோது, துறையில் இருந்த கிழ ஆமையார் ஓய்வு பெற்றார். ஒரு நிரந்தரப் பதவி காலியானது! பதவியோடு சேர்ந்து ஆமையாரின் வளையும் காலியானது. ஏரியிலேயே மிக ஆழமான மடு ஒன்று உண்டு. எந்தக் கோடைக்கும் அது வற்றாது. அந்த மடுவை ஒட்டித்தான் அந்த வளை. அதற்கு இரண்டு வாசல். ஒன்று தண்ணீருக்குள் திறக்கும். இன்னொன்று மேட்டில், வெயில் விழும் இடத்தில் திறக்கும்.

அஞ்சலை அந்த வளையைப் பார்த்தாள். இனிக் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு பாறையில் நடக்க வேண்டாம்!

வடிவும் பார்த்தாள். இனிச் சுருக்குக்குப் பயந்து புதரில் படுக்க வேண்டாம்!

இருவரும் பார்த்தார்கள். ஆனால் முதல் தடவையாக, அதைப் பற்றி ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை.

நாரையார் மயிலாரிடம் யோசனை கேட்டார். மயிலாருக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது. ஆள் குறைந்தால் முதல் வகுப்பைத் தன் தலையில் கட்டிவிடுவார்களோ என்ற கவலை. அவருடைய தோகை அப்படி! சேற்றில் ஒரு நாள் இழுத்தால் ஒரு மாதம் ஆனாலும் கறை போகாது.

"இதுல யோசிக்க என்னங்க இருக்கு? ஒரு வகுப்புக்கு எதுக்கு ரெண்டு பேர்? ஒருத்தியை நிரந்தரமாக்கி, இனி எப்பவும் முதல் வகுப்பு முழுசும் அவ பொறுப்புன்னு சொல்லிடலாம். இன்னொருத்தியை அனுப்பிடலாம்!" என்றார் மயிலார்.

"யாரை அனுப்புறது?"

"போட்டி வெச்சிடுவோம். குட்டிகளை ரெண்டாப் பிரிப்போம். அரங்கேற்ற நாள்ல யாரோட குட்டிங்க நல்லா எழுதுதோ, அவங்களுக்குப் பதவி!"

"பார்ப்போம்" என்றார் நாரையார். அதற்குள் மயிலார் பறந்து போய்க் கரையின் நடுவில் நகத்தால் நீளமாக ஒரு கோடு கிழித்துவிட்டார்.

"இந்தப் பக்கம் அஞ்சலை, அந்தப் பக்கம் வடிவு! ஒருத்தர் பக்கம் இன்னொருத்தர் வரக் கூடாது. கோட்டைத் தாண்டினா போட்டியிலிருந்து விலக்கிடுவோம்!"

அன்றிலிருந்து வகுப்பு இரண்டானது.

அஞ்சலை தன் பக்கத்தில் முன்னைவிட அதிகமாக நனைத்தாள். தனக்குத் தெரிந்தது அதுதானே! குட்டிகள் எழுதின, அழித்தன, மறுபடி எழுதின. ஒன்றும் முடியவில்லை. எழுதிய வரி எல்லாம் சொதசொதவென்று ஒன்றோடொன்று கலந்துபோயிற்று.

வடிவு தன் பக்கத்தைச் சீக்கிரம் சீக்கிரமாகக் காயவைத்தாள். அவளுக்குத் தெரிந்தது அது. குட்டிகள் ஒரு வரி எழுதியதும் "போதும், காயட்டும்" என்றாள். இரண்டாவது வரிக்குச் சேறு இடம் கொடுக்கவில்லை. கரை வெடித்துப்போயிற்று. குட்டிகளும் தப்பு வந்துவிடுமோ என்று பயந்து காலை வைக்கவே தயங்கின.

இதற்கு நடுவில் மயிலார் சும்மா இருக்கவில்லை. காலையில் அஞ்சலையிடம் வந்தார்.

"உன் பக்கம் பூராவும் ஒரே நசநசன்னு இருக்காமே? வடிவு சொல்லிச் சிரிக்கிறா."

மதியம் வடிவிடம் போனார்.

"உன் குட்டிங்களுக்கு ஒரு வரிக்கு மேலே வராதாமே? அஞ்சலை ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கா."

இருவரும் அப்படிச் சொன்னதே இல்லை. ஆனால் மனசு பயந்து கிடக்கும்போது யார் எதைச் சொன்னாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்கிறது.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அஞ்சலையின் குட்டிகள் வழக்கம் போல வடிவின் பாறைக்கு ஓடின.

"எங்கே போறீங்க? இங்கே வாங்க!" என்று அஞ்சலை அதட்டினாள்.

"பெரியம்மா முதுகு சூடா இருக்கும்மா..."

"வேண்டாம்னா வேண்டாம்!"

குட்டிகள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பின. பாறையில் இடம் ஒதுக்கிப் படுத்திருந்த வடிவு, முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள்.

தினமும் விடிந்ததும் கரையில் எழுந்து நின்று, முன்னங்கால்களைக் கூப்பிச் சூரியனைக் கும்பிடுவது அஞ்சலையின் பழக்கம். "சாமி, இன்னைக்கு ஒரு குழந்தையாவது ஒரு நல்ல வரி எழுதணும்" என்பதுதான் அவளுடைய பிரார்த்தனை. மறுநாள் காலை அவள் கைகூப்பி, "சாமி, அந்தப் பதவி எனக்கே..." என்று தொடங்கினாள். அதற்கு மேல் வாய் வரவில்லை. வடிவின் கால் தழும்பு கண்முன்னே வந்துவிட்டது. கும்பிட்ட கையை இறக்கிவிட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டாள்.

அஞ்சலையின் பக்கத்தில் பவுனு என்று ஓர் அலுங்குக் குட்டி இருந்தது. அலுங்குக்கு உடம்பெல்லாம் செதில். பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும். பவுனு சேர்ந்த நாளிலிருந்து பாதி நேரம் பந்தாகத்தான் கிடந்தது. பாவம், மழைக்காலத்துக்கு முன்னால் அதன் அம்மாவை மனிதர்கள் சுருக்கு வைத்துப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அஞ்சலை அதை எதுவும் கேட்டதில்லை. தினமும் அதன் பக்கத்தில் ஒரு கை அளவு சேற்றை நனைத்து வழவழவென்று தடவி வைத்துவிட்டுப் போவாள். ஒரு நாள் பந்து அவிழ்ந்தது. பவுனு ஒரு நகத்தை நீட்டி "என் அம்மா" என்று எழுதியது. எழுதிவிட்டு உடனே அழித்துவிட்டது.

"பரவாயில்லைடா கண்ணு. நாளைக்கு எழுதலாம்" என்றாள் அஞ்சலை.

மறுநாளும் "என் அம்மா". மறுநாளும் அழிப்பு. தினமும் அப்படியே. அதற்கு அடுத்த சொல் வரவே இல்லை. அஞ்சலைக்கு வேறு வழி தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் நனைத்தாள்.

அரங்கேற்ற நாள் வந்தது. காடே ஏரிக்கரையில் கூடியது. யானைகள் பின்னால் நின்றன. முயல்கள் முன்னால் உட்கார்ந்தன. குரங்குகள் மருதமரம் முழுவதும் தொங்கின. நாரையார் நடுவில் ஒற்றைக் காலில் நின்றார். மயிலார் தோகையைத் தூக்கிப் பிடித்தபடி கோட்டின் மேலே கவனமாக நடந்தார்.

"முதலில் வடிவின் பக்கம்!"

குட்டிகள் எழுதின. ஒவ்வொன்றும் ஒரே ஒரு வரி. வரி நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படித்து முடிக்கும் முன்னே முடிந்துவிட்டது.

"அப்புறம் என்ன ஆச்சு?" என்று ஒரு யானை கேட்டது.

குட்டிகள் விழித்தன. சேறு காய்ந்து கிடந்தது. அப்புறம் எழுத இடமே இல்லை.

"அடுத்து அஞ்சலையின் பக்கம்!"

அங்கே எழுத எழுத எழுத்தில் தண்ணீர் நிரம்பியது. மான்குட்டி எழுதிய வரி காட்டுப்பன்றிக் குட்டி எழுதிய வரியோடு கலந்து ஓடியது.

"இதுல எது தலை, எது வால்?" என்று மரத்திலிருந்த ஒரு குரங்கு கத்தியது. எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு அடங்கும்போது பவுனு எழுந்து வந்தது. நகத்தை நீட்டி "என் அம்மா" என்று எழுதியது. எழுதிய உடனே எழுத்துக்குள் தண்ணீர் ஊறி மூடிக்கொண்டது. மறுபடி எழுதியது. மறுபடியும் மூடிக்கொண்டது.

பதற்றத்தில் அஞ்சலை ஓடிவந்து இன்னும் கொஞ்சம் தண்ணீரை உதறினாள்! என்ன செய்ய, பயந்துபோனால் நமக்கு வருவதைத்தானே மறுபடி மறுபடி செய்வோம்.

பவுனு கூட்டத்தைப் பார்த்தது. மெல்லத் தலையை உள்ளே இழுத்தது. சுருளத் தொடங்கியது.

கோட்டுக்கு அந்தப் பக்கம் வடிவு பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அசையாமல் இருந்தால் போதும். அவளுடைய குட்டிகள் ஆளுக்கு ஒரு வரியாவது எழுதி முடித்திருக்கின்றன. பதவி அவளுக்குத்தான். மடுவோர வளை அவளுக்குத்தான். இனி எந்தச் சுருக்கும் அவளைத் தொட முடியாது.

வடிவு தன் காலில் இருந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு பந்தாகச் சுருண்டுகொண்டிருந்த அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அந்தச் சுருக்கின் வலி அவளுக்குத் தெரியும். நான் தப்பி வந்துவிட்டேன், இதன் அம்மா வரவில்லை. அவ்வளவுதானே வித்தியாசம் என்று நினைத்தாள்.

எழுந்தாள். கோட்டை நோக்கி நடந்தாள்.

"ஏய் வடிவு! கோட்டைத் தாண்டாதே! தாண்டினா விலக்கிடுவோம்!" என்று மயிலார் கத்தினார்.

"விலக்கிக்கோங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே வடிவு தாண்டினாள்.

பவுனுவின் முன்னால் இருந்த சேற்றில் தன் தட்டையான வயிற்றை வைத்துப் படுத்தாள். காலையிலிருந்து வெயிலில் கிடந்த உடம்பு. அப்படியே அழுத்தி மெல்ல நகர்ந்தாள். தண்ணீர் வழிந்து ஓடியது. சேறு பதமானது.

"ஏ அஞ்சலை, உதறாதே. போதும். கொஞ்சம் தள்ளி நில்லுடி" என்றாள். குரலில் கோபமில்லை. பழைய குரல்தான்.

அஞ்சலை நின்றாள். அவள் கண்ணில் நீர் முட்டியது.

வடிவு பவுனுவின் காதருகில் குனிந்தாள். "கண்ணு, நீ எழுதின ரெண்டு சொல்லும் நல்லா இருக்கு. இனிமே அதை அழிக்க வேண்டாம். நான் காவல் இருக்கேன். எழுதிட்டு அடுத்த சொல்லுக்குப் போ."

பந்துக்குள்ளிருந்து ஒரு கண் எட்டிப் பார்த்தது.

அஞ்சலைக்கு அப்போதுதான் வடிவின் பக்கம் கண் போனது. வெடித்த கரை. ஒற்றை வரியோடு திகைத்து நிற்கும் குட்டிகள். அவள் ஒன்றும் யோசிக்கவில்லை. ஏரியில் குதித்தாள். எழுந்து வந்து கோட்டைத் தாண்டி ஓடினாள். வடிவின் குட்டிகள் நடுவில் நின்று உடம்பை ஒரு உதறு உதறினாள்! காய்ந்த மண் ஈரத்தைக் குடித்துக் குழைந்தது.

"அப்புறம் என்ன ஆச்சுன்னு அந்த யானை மாமா கேக்குறாருல்ல? சொல்லுங்க கண்ணுகளா! தப்பு வந்தா வரட்டும், அழிச்சுக்கலாம்!"

குட்டிகள் சிரித்துக்கொண்டே காலைச் சேற்றில் வைத்தன.

"ரெண்டு பேரும் தாண்டிட்டாங்க! ரெண்டு பேரையும் விலக்கணும்!" என்று மயிலார் குதித்தார்.

நாரையார் அவரைப் பேசாமல் இருக்கும்படி சிறகால் சைகை செய்தார். பவுனு எழுதிக்கொண்டிருந்தது. எழுதி முடித்து, நகத்தை எடுத்து, வடிவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. நாரையார் அருகில் போய், எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார்.

"என் அம்மா வாலில் நான் ஏறிக்கொள்வேன். பயம் வந்தால் அம்மா சுருண்டுகொள்வாள். அம்மாவுக்குள் நான் இருப்பேன். வெளியில் என்ன நடந்தாலும் எனக்குத் தெரியாது. அம்மா மூச்சு மட்டும் கேட்கும். இப்போது நான் தனியாகத்தான் சுருண்டுகொள்கிறேன். உள்ளே இன்னும் அது கேட்கிறது."

மரத்தில் இருந்த குரங்கு தன் குட்டியை இறுக்கிக்கொண்டது. மயிலார் தூக்கிப் பிடித்திருந்த தோகை எப்போது சேற்றில் விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

நாரையார் குனிந்து கேட்டார். "பவுனு, உனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தது யாரம்மா?"

பவுனு யோசித்தது. "அஞ்சலை டீச்சர் நனைச்சாங்க. வடிவு டீச்சர் காயவெச்சாங்க."

"இவங்க ரெண்டு பேர்ல யாருக்குப் பதவி கொடுக்கலாம்?"

பவுனு பதில் சொல்வதற்குள் அஞ்சலை முன்னால் வந்தாள். "வடிவுக்கே கொடுங்க ஐயா. அந்தக் காலோட அவ இன்னொரு கோடை புதர்ல படுக்கக் கூடாது."

"ஐயா, அவ பேச்சைக் கேக்காதீங்க!" என்று வடிவு குறுக்கே புகுந்தாள். "சின்னக் குட்டிக்குப் பாதம் இன்னும் ஆறலை. பாறையில நடக்க முடியாது. அஞ்சலைக்குக் கொடுங்க."

"நீ சும்மா இருடி!"

"நீ சும்மா இரு!"

மயிலார் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டதை யாரும் பார்க்கவில்லை என்று அவருக்கு நினைப்பு. "விதின்னு ஒண்ணு இருக்கு, ஐயா. ரெண்டு பேருமே கோட்டைத் தாண்டிட்டாங்க. விதிப்படி ரெண்டு பேருக்கும் இல்லை."

"சரி" என்றார் நாரையார். "அப்படின்னா அடுத்த மழைக்கு முதல் வகுப்பை யார் எடுக்கிறது?"

"அது... வேற யாராவது..."

"விதிப்படி, ஆள் இல்லைன்னா மூத்த பேராசிரியர்தான் எடுக்கணும்."

மயிலார் குனிந்து தன் தோகையைப் பார்த்தார். நிமிர்ந்து குட்டிகளைப் பார்த்தார். அதில் ஒன்று இன்னொன்றின் வாலைக் கடித்துக்கொண்டிருந்தது. "விதியை நாமதானே போட்டோம், ஐயா! நாமளே மாத்திக்கலாமே!" என்று அவசரமாகச் சொன்னார்.

கரையெல்லாம் சிரிப்பு. அஞ்சலையும் வடிவும்கூடச் சிரித்துவிட்டார்கள்.

நாரையார் சிரிக்கவில்லை. தூக்கி வைத்திருந்த காலைக் கீழே ஊன்றினார். இரண்டு காலாலும் நடந்து போய், கரையின் நடுவில் இருந்த கோட்டை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை தேய்த்து அழித்தார்.

"இந்தக் கோட்டைப் போடும்போது பார்ப்போம் பார்ப்போம்னு நின்னது என் தப்பு. எத்தனை ஆசிரியர் வேணும்னு யோசிச்சேனே தவிர, ஒரு குழந்தை எழுதுறதுக்கு என்னென்ன வேணும்னு நான் யோசிக்கலை. பதவி ஒண்ணுதான். அதை ரெண்டு பேரும் சேர்ந்து பாருங்க."

"வளை?" என்றார் மயிலார். "வளை ஒண்ணுதானே இருக்கு?"

"வாசல் ரெண்டு இருக்கே" என்றார் நாரையார்.

அஞ்சலையும் வடிவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கு இது ஏன் இத்தனை நாளும் தோன்றவில்லை!

"மயிலாரே, நீங்க ரெண்டு பக்கமும் இல்லாத சேதி சொல்லப் போயிட்டு வந்ததை நானும் பார்த்தேன், உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு" என்று நாரையார் தொடர்ந்தார். "அடுத்த மழையிலிருந்து வாரத்துல ஒரு நாள் முதல் வகுப்புக்கு வந்து குழந்தைகள் எழுதினதை உரக்கப் படிச்சுக் காட்டணும். உங்க குரல்தான் காட்டுக்கே கேக்குமே!"

மயிலார் மறுபடி தோகையைப் பார்த்தார். ஏற்கெனவே சேறுதான். "அந்த அலுங்குக் குட்டி எழுதினதையே முதல்ல படிக்கிறேனே" என்றார், மெதுவாக.

அன்று சாயங்காலம் வடிவு பாறைக்குப் போனாள். இரண்டு குட்டிகள் ஓடி வந்து முதுகில் ஏறின. இந்தத் தடவை அஞ்சலை அதட்டவில்லை. மூன்றாவதாக ஒன்றும் தயங்கித் தயங்கி வந்து ஏறியது. செதில் குத்தியது. வடிவு அசையாமல் படுத்துக்கொண்டாள்.

கோடை வந்தது. ஏரி வற்றியது. பாறையெல்லாம் காய்ந்து அனல் பறந்தது. மடுவோர வளையின் கீழ்வாசலில் அஞ்சலை மீன் பிடித்தாள். மேல்வாசலில் வடிவு வெயில் காய்ந்தாள். நடுவில், ஈரமும் சூடும் சேர்கிற இடத்தில், மூன்று குட்டிகள் தூங்கின. விடிந்ததும் அஞ்சலை மேலே வந்து கைகூப்பினாள். "சாமி, எல்லாரும் இங்கேயே இருக்காங்க" என்றாள். அதற்கு மேல் அவளுக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

ஆண்டவன் எல்லாத் திறமையையும் ஒருவரிடமே கொடுத்து வைப்பதில்லை. ஆகையால் போட்டி நேரத்திலும் அடுத்தவர் குறையை நிரப்பக் கோட்டைத் தாண்டுகிறவர், தனக்குக் குறைந்ததையும் அங்கேதான் பெற்றுக்கொள்கிறார்.